கையெழுத்துப் போடாதவர்கள் கட்டிய கடன்: சார்லஸ் குட்இயர் நிகழ்வு ஆய்வு

சார்லஸ் குட்இயர் 1860 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் இறந்தார். வயது 59. வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும், குளிரில் விறைத்து வெடிக்கும் ரப்பரை, கந்தகம் சேர்த்துச் சூடாக்கி எந்தப் பருவத்துக்கும் தாங்கும் பொருளாக மாற்றியவர் அவர். அவர் கண்ட முறையை வைத்து அதற்குள் பலர் பணக்காரர்கள் ஆகியிருந்தார்கள். அவர் விட்டுச் சென்றதோ ஏறத்தாழ 2,00,000 டாலர் கடன். இன்று உலகெங்கும் அவர் பெயரில் ஓடும் டயர் நிறுவனம் 1898-ல் வேறொருவர் தொடங்கியது. குட்இயர் குடும்பத்துக்கு அதில் எந்தத் தொடர்பும் கிடையாது.

விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக இந்த வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். தொழில் தொடங்க நினைப்பவருக்கு அந்த வாசிப்பு ஆபத்தானது. குட்இயர் செய்த தியாகங்கள் என்று பட்டியலிடப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதை உண்மையில் கொடுத்தது யார், அவரிடம் யாராவது கேட்டார்களா’ என்று பார்த்தால் படமே மாறிவிடுகிறது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த ஆய்வு நகர்கிறது. இன்று தொழில் தொடங்குபவர் தன் வீட்டில் எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பதும் அதிலிருந்தே வருகிறது.

கடனோடு தொடங்கிய பயணம்

1800 டிசம்பர் 29-ல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் பிறந்தவர். தந்தை அமாசா இரும்புச் சாமான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்றவர். சார்லஸ் 1824-ல் கிளாரிசா பீச்சரை மணந்தார். பிலடெல்பியாவில் அவர் நடத்திய இரும்புக் கடை 1830 வாக்கில் நொடித்தது. காரணம் சாதாரணமானது: சரக்கைக் கடனுக்கு விற்றார்கள், பாக்கி வசூலாகவில்லை, வாங்கிய இடத்துக்குப் பணம் கட்ட முடியவில்லை. கடன் கட்டாதவரைச் சிறையில் அடைக்கும் சட்டம் அப்போது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருந்தது. குட்இயர் முதல்முறை சிறைக்குப் போனது ரப்பருக்காக அல்ல, இந்தக் கடைக்காக.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1834-ல் அவர் நியூயார்க்கில் ராக்ஸ்பரி ரப்பர் நிறுவனத்தின் கடைக்குள் நுழைந்து, உயிர்காப்பு மிதவையின் வால்வை மேம்படுத்திக் காட்டியபோது, அவர்களுக்குத் தேவைப்பட்டது வால்வு அல்ல, உருகாத ரப்பர்தான் என்று தெரிந்தது. விற்ற பொருள்கள் கோடையில் உருகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்த நாளில் அவரிடம் சேமிப்பு இல்லை, வருமானம் இல்லை, பழைய கடன் மட்டும் இருந்தது. தன்னுடையது என்று இழக்க ஏதும் இல்லாத நிலையில் ஒருவர் தொழிலில் இறங்கினால், அதற்குப் பிறகு இழக்கப்படுவதெல்லாம் பிறருடையதாகத்தான் இருக்க முடியும். இந்த நிகழ்வின் மற்ற எல்லாமும் இந்த ஒரு நிலையிலிருந்தே கிளைக்கின்றன.

பத்து ஆண்டுகள், நான்கு பொய்யான வெற்றிகள்

முதலில் மக்னீசியா கலந்து பார்த்தார். வெள்ளையாக, ஒட்டாமல் வந்தது. காலணிகள் செய்தார், கோடையில் பிசுபிசுத்தன. அடுத்து சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்தார். மேற்பரப்பு அழகாக வந்தது. ஆனால் ஒரு துளி மென்மையான அமிலம் பட்டாலே பழைய பசைக்குத் திரும்பியது. மூன்றாவது நைட்ரிக் அமிலம். மெல்லிய ரப்பர்த் தாளில் இது நன்றாகவே வேலை செய்தது, முதலீட்டாளரும் கிடைத்தார். 1837-ன் நிதி நெருக்கடியில் அந்த முதலீட்டாளர் வீழ்ந்தார். நான்காவதாக, அரசு அஞ்சல் துறைக்கு 150 பைகள் செய்யும் ஆணை. பைகள் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தன. சூடான அறையில் சில வாரங்கள் கிடந்ததும் உருக்குலைந்தன.

நான்காவது தோல்வியின் காரணம் இன்றும் பாடமாகக் கூடியது. நைட்ரிக் அமிலம் மேற்பரப்பை மட்டுமே பதப்படுத்தும். மெல்லிய தாளில் மேற்பரப்புதான் பொருள் முழுவதும், அதனால் சோதனை வெற்றி போலத் தெரிந்தது. பையின் கனத்தில் உள்ளே பச்சை ரப்பர் அப்படியே இருந்தது. மாதிரியின் கனம் வேறு, விற்கும் பொருளின் கனம் வேறு. ஒரு கோடையைக்கூடப் பொருள் கடக்கவில்லை. அதற்குள் ஆணை வாங்கி, அந்த ஆணையைக் காட்டிக் கடனும் வாங்கினார். ஒவ்வொரு பொய்யான வெற்றியும் ஒரு புதிய சுற்றுக் கடனைத் திறந்துவிட்டது. தோல்வி மட்டும் வந்திருந்தால் கடன் கொடுப்பவர்கள் சீக்கிரம் நின்றிருப்பார்கள். பாதி வெற்றிதான் அவர்களையும் குடும்பத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டே போனது.

நத்தானியல் ஹேவர்டு என்பவரிடமிருந்து கந்தகம் சேர்க்கும் முறையின் உரிமையை வாங்கினார். 1839-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் வோபர்னில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகாமல் தோல்போலக் கருகியது. கண்டுபிடிப்பு அங்கே முடிந்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அங்கேதான் மிகக் கொடிய ஐந்து ஆண்டுகள் தொடங்கின. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தக் கலவை என்று கண்டாக வேண்டும். சொந்தமாக உலை இல்லை. மனைவியின் சமையல் அடுப்பிலும், வேலை நேரம் முடிந்தபின் பிறருடைய உலைகளிலும் சோதித்தார். 1844 ஜூன் 15-ல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை எண் 3633-ல் கலவை இப்படி எழுதப்பட்டிருக்கிறது: 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு வெள்ளை ஈயம், சூடு ஏறத்தாழ 270 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 132 டிகிரி செல்சியஸ். இந்த மூன்று எண்களுக்கும் ஒரு வெப்ப அளவுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆயின. ஒரு நல்ல உலையும் ஒரு வருடச் செலவுக்குப் பணமும் இருந்திருந்தால் இது இவ்வளவு நீண்டிருக்காது. வறுமை இங்கே மன உறுதியை வளர்க்கவில்லை. வேலையைத் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

தாமதத்துக்கு விலையும் இருந்தது. பணம் திரட்ட அனுப்பிய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர் தாமஸ் ஹான்காக்கின் கைக்குப் போயின. அவர் கந்தகத்தின் தடயத்தைக் கண்டுகொண்டு, தானே முறையைத் தேடி, 1843 நவம்பரில் அங்கே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குட்இயரின் இங்கிலாந்து விண்ணப்பம் சில வாரங்கள் பிந்தியது.

யார் என்ன கொடுத்தார்கள்

கிளாரிசா கொடுத்தவை: வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. சமையலறை ஆய்வுக்கூடமானது. ஸ்டேட்டன் தீவில் கைவிடப்பட்ட ஒரு ரப்பர் தொழிற்சாலைக் கட்டடத்தில் குடும்பம் தங்கியது, கரையோர மீனையே பெரிதும் நம்பி வாழ்ந்தது. குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்கள்கூட விற்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் ஒரு சிறு மகன் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லை. குழந்தை இறப்பு அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் அதிகம் என்பதால், இறப்புக்கே தொழிலைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. ஆனால் அந்த நாளில் வீட்டில் ஒரு டாலர்கூட இல்லாமல் போனது ஒரு முடிவின் விளைவு, அந்த முடிவை எடுத்தவர் ஒருவர் மட்டுமே.

அதே காலத்தில் பாரிஸ் நிறுவனம் ஒன்று அவருடைய பழைய அமில முறையை நல்ல விலைக்குக் கேட்டது. இதைவிடச் சிறந்த முறை ஒன்று கையில் இருக்கிறது, பழையதை விற்பது முறையல்ல என்று மறுத்துவிட்டார். நேர்மை என்ற அளவில் இதைக் குறைசொல்ல முடியாது. பழைய முறையின் குறையை வாங்குபவரிடம் விளக்கி, எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்து, விலையைக் குறைத்து விற்றிருக்க வழி இருந்தது. அந்தத் தொகை பசியையும் தாமதத்தையும் சேர்த்தே குறைத்திருக்கும். தன் பெயரின் தூய்மையை அவர் காத்தார், அதற்கான செலவு வீட்டின் கணக்கில் எழுதப்பட்டது. தொழில்முனைவோர் பலர் இந்த இடத்தில்தான் தடுக்குகிறார்கள். கொள்கை என்று நினைத்து எடுக்கும் முடிவின் விலையை யார் கட்டுவார் என்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இருப்பதில்லை.

மைத்துனர் வில்லியம் டிஃபாரஸ்ட் பெரும் தொகை கொடுத்து உதவினார். தந்தையும் சகோதரர்களும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள், அவரோடு சேர்ந்தே வறுமைப்பட்டார்கள். சிறுசிறு தொகை கொடுத்த நண்பர்கள் கணக்கில்லை. ஊரில் அவரைப் பித்தர் என்றார்கள். ரப்பர் தொப்பியும் ரப்பர் அங்கியுமாக அவர் நடந்ததும் அதற்கு ஒரு காரணம், அவரைப் பொறுத்தவரை அது விளம்பரம். உடலும் விலை கொடுத்தது: நைட்ரிக் அமிலப் புகை ஒருமுறை அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனது, ஈயச் சேர்மங்களோடு ஆண்டுக்கணக்கில் வெறும் கையால் புழங்கினார்.

ஒன்றைத் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். காப்புரிமை கிடைத்துப் பணம் வரத் தொடங்கியதும், திவால் சட்டத்தின்படி கட்டத் தேவையில்லாமல் போயிருந்த பழைய கடன்களில் 35,000 டாலரை அவர் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தார். உறவுகளின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருந்தும் எல்லை போடத் தெரியவில்லை.

வெற்றிக்குப் பிறகும் நிற்காத இழப்பு

1844-க்குப் பின் கதை நேராகியிருக்க வேண்டும். உடனே பணம் வேண்டியிருந்ததால் உரிமங்களை மிகக் குறைந்த விகிதத்தில் கொடுத்துவிட்டார். பசியில் இருப்பவர் பேரம் பேசும்போது எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்துவிடும், ஒப்பந்தம் அந்தப் பசியின் அளவுக்கே எழுதப்படும். திருட்டுத்தனமாக முறையைப் பயன்படுத்தியவர்கள் மீது வழக்கு. 1852-ல் ட்ரென்டனில் நடந்த பெரிய வழக்கில் புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டர் குட்இயருக்காக வாதாடி வென்றார், அவருக்கான ஊதியம் 15,000 டாலர். 1851 லண்டன் கண்காட்சியில் முழுக்க ரப்பராலான அரங்குக்கு ஏறத்தாழ 30,000 டாலர், 1855 பாரிஸ் கண்காட்சிக்கு 50,000 டாலர் செலவிட்டார். பிரான்ஸில் காப்புரிமை செல்லாமல் போய் உரிமத்தொகை நின்றதும் அங்கேயே கடனுக்காகச் சிறைப்பட்டார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அளித்த பதக்கம் அவருக்குச் சிறையில் இருந்தபோதே வந்து சேர்ந்தது. கிளாரிசா அதைப் பார்க்கவில்லை, 1853-லேயே இறந்துவிட்டார்.

‘வெற்றி வரும்வரை பொறுத்துக்கொள்’ என்று குடும்பத்திடம் சொல்லப்படும் வாக்குறுதியின் பலவீனம் இங்கே தெரிகிறது. வெற்றி என்றால் எது? முதல் ஆணையா, காப்புரிமையா, முதல் லாபமா? எழுதி வைக்காத இலக்கு நகர்ந்துகொண்டே போகும். எல்லையில்லாமல் செலவழிக்கப் பத்தாண்டுகள் பழகிய ஒருவர், கையில் பணம் வந்ததும் எல்லையைக் கற்றுக்கொள்வதில்லை. இன்னும் பெரிதாகச் செலவழிப்பார்.

அதே பிடிவாதம், வேறு ஏற்பாடு

ஒப்பிட ஒருவர் தேவை. ஜேம்ஸ் டைசன், பையில்லாத தூசி உறிஞ்சி செய்தவர். பிடிவாதத்தில் குட்இயருக்குக் குறைந்தவரல்ல: 1979 தொடங்கி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் 5,127 முன்மாதிரிகள். அதற்கு முன் ஒரு நிறுவனத்தில் தன் கண்டுபிடிப்பின் காப்புரிமையை நிறுவனத்தின் பெயருக்கு எழுதிக்கொடுத்து, பிறகு அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கினார். ஜப்பானில் அவருடைய இயந்திரம் 1986-ல் உரிமத்தின் கீழ் விற்பனைக்கு வந்தது, பிரிட்டனில் சொந்தப் பெயரில் 1993-ல்.

வேறுபாடுகள் மூன்று. அவர் மனைவி டெய்ட்ரி கலை கற்பித்தும் ஓவியம் விற்றும் தொழிலுக்கு வெளியிலிருந்து ஒரு வருமானத்தைக் கொண்டுவந்தார். தொழிலில் ஜெரமி ஃப்ரை என்ற பங்காளி பணம் போட்டார், அதாவது முதல் இழப்பில் ஒரு பகுதியைத் தாங்க வேறொருவர் ஒப்புக்கொண்டு வந்தார். மூன்றாவது, சொந்தப் பெயரில் விற்கும்வரை காத்திராமல் உரிமம் கொடுத்து இடையில் பணம் ஈட்டினார். வீடு போயிருக்கக் கூடும் என்பதை மறக்கக் கூடாது. வென்றவர் வீட்டை ஈடு வைத்தார் என்பதால் ஈடு வைப்பது சரியான வழி ஆகிவிடாது. ஈடு வைத்துத் தோற்றவர்களின் பெயர்கள் நம்மிடம் வந்து சேர்வதில்லை.

எண்களும் நிதானத்தையே சொல்கின்றன. அமெரிக்கத் தரவுகளில் புதிய தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ பாதி ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. பார்டன் ஹாமில்டன் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுகள் சுயதொழில் செய்தவர்களின் இடைநிலை வருமானம், அதே காலம் வேலையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட 35 சதவீதம் குறைவு. ராஃபியும் ஃபெங்கும் 2014-ல் காட்டியது, வேலையில் இருந்துகொண்டே தொழில் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள், வேலையை ஒரேயடியாக விட்டவர்களைவிடத் தொழிலை மூடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது. மைக்கேல் ஃப்ரீமன் குழுவினர் 2015-ல் 242 தொழில்முனைவோரிடம் கேட்டதில் 49 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருந்ததாகச் சொன்னார்கள். தொழில் அதை உண்டாக்கியதா, அத்தகையோர் தொழிலுக்கு வருகிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லாது. எதுவாயினும் திட்டம் போடும்போது கணக்கில் இருக்க வேண்டிய எண் அது.

வீட்டுக் கணக்கை எப்படிப் போடுவது

மாத வீட்டுச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். கையில் சேமிப்பு 1,800. ‘பதினெட்டு மாதம் தாங்கும்’ என்று சொல்லித்தான் பெரும்பாலானோர் வேலையை விடுகிறார்கள். இதில் மூன்று பிழைகள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீட்டுத் தொகை, கல்விக் கட்டணம், பழுதுச் செலவு ஆகியவற்றை மாதத்துக்குப் பகிர்ந்தால் உண்மையான செலவு 118 போல வரும். நோய்நொடிக்கென ஆறு மாதச் செலவைத் தொடக் கூடாது: 708. தொழில் நின்றுபோனால் வேறு வேலை தேட ஐந்து மாதம் வேண்டும்: 590. மிச்சம் 502. அதை 118-ஆல் வகுத்தால் நான்கு மாதம் சொச்சம். பதினெட்டு என்று நினைத்தது நான்கு.

இப்போது துணைவர் மாதம் 60 சம்பாதிக்கிறார் என்று சேர்த்துப் பாருங்கள். பற்றாக்குறை 58. ஆறு மாத ஒதுக்கீடு 348, ஐந்து மாத ஒதுக்கீடு 290, மிச்சம் 1,162. வகுத்தால் இருபது மாதம். தொழிலின் ஆயுளை நான்கிலிருந்து இருபதாக்கியது துணைவரின் சம்பளம். எந்த முதலீட்டாளரும் அவ்வளவு செய்திருக்க மாட்டார். ஆனால் பங்குப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு: பங்காகவோ, எழுதிவைத்த கடனாகவோ, தொழில் சம்பளம் தரத் தொடங்கியதும் துணைவரின் ஓய்வூதியச் சேமிப்பில் முதலில் போடப்படும் தொகையாகவோ. எது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம், எதுவுமே இல்லாமல் விடுவதுதான் தவறு.

விட்டுவந்த சம்பளத்தையும் எழுத வேண்டும். வேலையில் மாதம் 130 வந்துகொண்டிருந்தால் இரண்டு ஆண்டில் 3,120. கையிலிருந்த சேமிப்பைவிட இது பெரியது. இதோடு நின்றுபோன ஓய்வூதியப் பங்களிப்பு, வேலை தந்த மருத்துவக் காப்பீடு, விட்டுப்போன பதவி உயர்வு. தாளில் பார்க்கும்போது பலர் திடுக்கிடுவார்கள். திடுக்கிடுவது நல்லது, பிறகு செய்யும் முடிவு தெளிவாக இருக்கும்.

ஜாமீன்: இன்றைய கடன்சிறை

குட்இயரின் கடைசி ஆண்டுகளிலிருந்தே சட்டம் மாறத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1855-ன் வரையறுத்த பொறுப்புச் சட்டமும், 1896-ன் சாலமன் வழக்குத் தீர்ப்பும், நிறுவனத்தின் கடன் வேறு, உரிமையாளரின் சொத்து வேறு என்று பிரித்தன. பிற நாடுகளின் சட்டங்களும் இதே பாதையில் வந்தன. ஆனால் வங்கி கேட்கும் சொந்த ஜாமீன் ஒரே கையெழுத்தில் அந்தச் சுவரை இடித்துவிடுகிறது. ஜாமீன் பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தொகைக்கு உச்சவரம்பு உண்டா என்பது. ‘எல்லாக் கடன்களுக்கும்’ என்றிருந்தால் இன்று வாங்கும் சிறு கடனுக்குப் போட்ட கையெழுத்து நாளை கூடும் கடனுக்கும் பொருந்தும். இரண்டு பங்காளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஜாமீன் நின்றால் ஒருவர் காணாமல் போனால் மற்றவர் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அடிக்கடி நடக்கும் விபத்து இது: பங்காளி ஒருவர் பங்கை விற்று விலகுகிறார், ஜாமீனும் போய்விட்டதாக நினைக்கிறார். போகவில்லை. வங்கியிடமிருந்து எழுத்துபூர்வ விடுவிப்பு வாங்கும்வரை அவர் வீடு அந்தக் கடனுக்குப் பிணைதான்.

பேரத்தில் கேட்க வேண்டியவை: உச்சவரம்பு, குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு, விலகும்போது விடுவிப்பு. மூன்றும் கிடைக்காது, ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு உண்டு. துணைவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், தொழிலின் வழக்கறிஞரிடம் அல்லாமல் வேறொரு வழக்கறிஞரிடம் தனியாக ஆலோசனை பெற்ற பின்னரே போட வேண்டும். அது அவநம்பிக்கை அல்ல. கிளாரிசாவுக்குக் கிடைக்காத ஒன்று அது.

கைமாற்று

நண்பர், உறவினரிடம் வாங்கும் பணத்தில் குழப்பம் தொடங்குவது, கொடுத்தவர் கடன் என்றும் வாங்கியவர் முதலீடு என்றும் நினைப்பதில். ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கடனா பங்கா, தொகை, திருப்பத் தொடங்கும் மாதம், தொழில் மூடினால் என்ன ஆகும். தொகையை நிர்ணயிக்கக் கொடுப்பவரிடம் ஒரே கேள்வி போதும்: ‘இது திரும்பியே வராவிட்டால் உங்கள் திட்டம் எதுவும் மாறுமா?’ மாறும் என்றால் வாங்கக் கூடாது. முதியவர்களின் ஓய்வுக்காலப் பணத்தை அவர்களே வற்புறுத்தினாலும் தொடக் கூடாது, அதை மீண்டும் சேர்க்க அவர்களுக்குக் காலம் இல்லை.

உறவு முறிவது பணம் வராததால் மட்டும் அல்ல. தவணை தவறியதும் வாங்கியவர் கூச்சத்தில் தொலைபேசியை எடுக்காமல் விடுகிறார், விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குகிறார். கொடுத்தவர் அதை ஏமாற்று என்று படிக்கிறார். மாதம் ஒருமுறை ஐந்து வரி எழுதினால் இதைத் தடுக்கலாம்: கையிருப்பு, வரவு, செலவு, அடுத்த ஒரு மாதத்தில் செய்யப்போவது, உங்கள் பணம் திரும்பும் உத்தேச மாதம். கெட்ட மாதத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

நேரமும் பெயரும்

நீண்ட நேர உழைப்பை வீடு தாங்கிக்கொள்ளும். எப்போது வருவார் என்று தெரியாமல் இருப்பதுதான் வாட்டும். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்து மணிக்கு வருபவரைவிட, பத்து மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லிப் பத்து மணிக்கு வருபவரோடு வாழ்வது எளிது. வாரத்தில் மூன்று கால அளவுகளைப் பெயரிட்டு ஒதுக்கி, அவற்றை மாற்ற வேண்டுமானால் முதல்நாளே சொல்லும் விதியை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். வீட்டில் ஒரு அறை தொழிலுக்கு என்றால் அந்த அறை மட்டும். உணவு மேசை, படுக்கையறை, குழந்தையின் படிப்பு மேசை மூன்றும் விலக்கு. தூக்கம் குறைந்த வாரத்தில் பணம் சம்பந்தப்பட்ட கையெழுத்து எதையும் போடக் கூடாது.

பெயர் இழப்பு மெதுவாக வருகிறது. முன்பு பதவியைச் சொன்னதும் புரிந்துகொண்டவர்களிடம் இப்போது விளக்க வேண்டியிருக்கிறது. உடன் வேலை செய்தவர்கள் மேலே போய்விட்டார்கள், அவர்கள் பேச்சு வேறாகிவிட்டது. அழைப்புகள் குறைகின்றன, ஒரு பகுதி செலவுக்கு அஞ்சி இவரே மறுத்ததால். செலவில்லாமல் சந்திக்கும் வழியை நண்பர்களிடம் வெளிப்படையாகக் கேட்பவர்கள் அவர்களைத் தக்கவைத்துக்கொள்கிறார்கள். மனநிலை சரிந்தால் மருத்துவரிடம் போவதற்கான செலவைத் தொழில் செலவுக்கு முன் ஒதுக்குங்கள். அது சேமிப்பு தீர்ந்தபின் யோசிக்கும் விஷயமல்ல.

நிறுத்தும் நாள்

குட்இயரிடம் இல்லாதது இது. தொடங்கும் முன்னரே, தலை தெளிவாக இருக்கும்போது, மூன்று அளவுகோல்களை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்: ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு நிகழ்வு. தேதிக்குள் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்து வாங்கி, மறுமுறையும் வாங்கியிருக்க வேண்டும். தொகை என்பது இதற்குமேல் வீட்டிலிருந்து ஒரு காசும் போகாது என்ற கோடு. நிகழ்வு என்பது உடல்நலம், குழந்தை, பெற்றோர் சார்ந்த ஏதாவது ஒன்று. இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தால் கூடிப் பேச வேண்டும், அந்தப் பேச்சைத் தொடங்கும் உரிமை துணைவருக்கும் இருக்க வேண்டும். நீட்டிக்கலாம், ஒருமுறை, மூன்று மாதத்துக்கு, புதிய எண்களோடு. அஞ்சல் பைகள் போன்ற பாதி வெற்றி அந்த நீட்டிப்புக்குக் காரணமாகக் கூடாது. பொருள் விற்கும் கனத்திலேயே, விற்கும் பருவத்திலேயே தாங்கியதா என்பது மட்டுமே கேள்வி.

மூடுவது என்று முடிவானால் வரிசை முக்கியம். நாடு எதுவாயினும் முதல் வாரத்தில் வழக்கறிஞரையும் கணக்காளரையும் பாருங்கள், ஏனெனில் நொடிக்கும் நிலையில் யாருக்கு முதலில் கொடுத்தோம் என்பதே பிறகு வழக்காகலாம். உறவினரின் கைமாற்றை அவசரமாக முதலில் தீர்ப்பது பல நாட்டுச் சட்டங்களில் செல்லாது, அவர்களிடமிருந்தே திரும்ப வாங்கப்படலாம். ஊழியர்களின் சம்பளப் பாக்கி, வரி, ஜாமீன் உள்ள கடன் ஆகியவற்றின் பட்டியலை அன்றே எழுதுங்கள். கைமாற்றுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் வேறு யார் மூலமாகவும் தெரிவதற்கு முன் நேரில் சொல்லுங்கள், தொகையை எழுதிக்கொடுங்கள், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு திருப்ப முடியும் என்பதை வேலை கிடைத்த பிறகே சொல்வதாகச் சொல்லுங்கள். வேலை தேடும் ஐந்து மாதத்துக்கென ஒதுக்கிய 590-ஐ எடுத்து இவர்களில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அது வீட்டின் பணம்.